ஃப்ரேமுக்குள் போன அரை அங்குலம்

உட்காருங்கள் சார். பெஞ்சில் இந்தக் கோடியில் உட்காருங்கள், அந்தக் கோடி ஆடும். விடுதியை நடத்துகிற டெய்சி அம்மா பாங்குக்குப் போயிருக்கிறார்கள், வந்துவிடுவார்கள். திதிச் சாப்பாட்டுக்குத் தேதி குறிக்கிற நோட்டு அவர்கள் அலமாரியில் இருக்கிறது. என்னிடம் இருப்பது இந்தக் கேட்டுச் சாவி ஒன்றுதான். டிரைவர் காரைக் கேட்டை ஒட்டியே நிறுத்தியிருக்கிறார், அங்கேயே நிற்கட்டும். பன்னிரண்டரைக்கு மணி அடித்த பிறகுதான் யாராவது வருவார்கள். அதற்குள் அம்மாவே வந்துவிடுவார்கள்.

நாற்காலியை இப்படித் திருப்பிப் போட்டுக்கொள்கிறேன். முகம் பார்த்தால்தான் எனக்குப் பேச்சு வரும். நான் அதிகம் பேசுகிறவன் இல்லை சார். என் மனைவி இருந்தவரை வீட்டில் பேச்சு முழுவதும் அவள் பொறுப்பு.

இந்த விடுதியில் நான் வேலை பார்க்கவில்லை. அமாவாசைக்கு அமாவாசை வந்து கேட்டைத் திறந்துவிடுவேன். அவ்வளவுதான் என் உத்தியோகம். அதைச் சரியாகச் செய்கிறேன் என்று எனக்கே ஒரு பெருமை உண்டு.

உள்ளே வந்ததும் ஒன்று கேட்டீர்களே, பிள்ளைகள் எல்லாம் அனாதைகள்தானே என்று. தப்பில்லை. எல்லாரும் கேட்பார்கள். நான் உங்களைவிட ஒரு படி மேலே போய்க் கேட்டேன். "அம்மா அப்பா இருக்கிற பிள்ளைங்களுக்குச் சோறு போட்டா புண்ணியம் சேருமாம்மா?" என்றேன். டெய்சி அம்மா ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. "எந்தத் தேதி வேணும்?" என்றார்கள். நான் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

ஆரணி பஜாரில் எனக்கு ஃப்ரேம் கடை. கல்யாணப் படம், சாமி படம் எல்லாம் உண்டு, ஆனாலும் கடை ஓடியது செத்தவர்கள் தயவில். யார் வீட்டில் சாவு விழுந்தாலும் பதினாறாம் நாளுக்குள் என் கடைக்கு வந்தாக வேண்டும். நாற்பது வருஷம். வேதவல்லி சொல்வாள், "செத்தவங்களைச் சோடிக்கிறதுல உங்களுக்கு இருக்கிற அக்கறை உசுரோட இருக்கிறவங்க மேல இல்ல." வேதவல்லி என்பது என் மனைவி. சொல்லிவிட்டு அவளும் போய்ச் சேர்ந்தாள், ஒரு மாசி அமாவாசையில்.

போன பிறகு தேடினால் அவள் படம் ஒன்றுகூட இல்லை. ஊர்ப் படத்துக்கெல்லாம் சட்டம் போட்டவன் வீட்டில் ஒரு படம் இல்லை. கடைசியில் வாக்காளர் அட்டையில் இருந்ததைப் பெரிதாக்கினேன். போலீஸைப் பார்த்தவள் மாதிரி முழிக்கிறாள். அந்த முழிக்கு நான் போட்ட சட்டத்தைப் பார்க்க வேண்டுமே. பர்மா தேக்கு, தங்க நிற ஓரம், சுற்றிலும் மினுக்குகிற சீரியல் பல்பு. மந்திரி வீட்டுக்குக்கூட நான் அப்படிப் போட்டதில்லை.

முதல் வருஷத் திதி வீட்டோடு போயிற்று. அடுத்த வருஷம் அந்தச் சட்டத்தை நாலு பேர் பார்க்க வேண்டாமா? அதற்காகத்தான் இங்கே வந்தேன் என்று இப்போது தெரிகிறது. அப்போது பிள்ளைகளின் பசிக்காக என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பள்ளிக்கூடம் பக்கத்துச் சுவர்தான். பன்னிரண்டரைக்கு மணி அடித்ததும் நாற்பது பெண் பிள்ளைகளும் தட்டைக் கழுவிக்கொண்டு வந்து, அதோ அந்தக் கூடத்தில் வரிசையாக உட்காரும். ஒன்றரைக்குத் திரும்ப மணி. அந்த ஒரு மணி நேரத்துக்குள் படம் வைத்து, மாலை போட்டு, இரண்டு நிமிஷம் கண்ணை மூடி, ஒரு பாட்டுப் பாடி, நன்கொடையாளர் கையால் முதல் கரண்டி இனிப்பு வாங்கி, அதற்குப் பிறகு சாப்பிட வேண்டும். எல்லாப் பிள்ளைக்கும் மனப்பாடம். நான் வந்து நின்றதுமே, சொல்லாமலே, கண்ணை மூடிக்கொண்டார்கள்.

முதல் வரிசையில் ஓரமாக ஒரு பெண். மோனிஷா என்று பெயர். மூன்றாம் வகுப்பு, எட்டு வயது. பார்த்தால் ஐந்து வயதுதான் சொல்வீர்கள். மணிக்கட்டு நம் கட்டைவிரல் தடிமன் இருக்கும். அது ஒரு கண்ணை மட்டும் திறந்து, "இன்னிக்கு யாரு தாத்தா செத்தது?" என்றது.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இருந்தாலும் பெருமையோடு படத்தைக் காட்டினேன்.

"வடை உண்டா?"

உண்டு என்றேன்.

"அப்போ நல்லவங்கதான்."

சாப்பாடு போடுகிறவர்கள் வீட்டுச் செத்தவர்களுக்கெல்லாம் பிள்ளைகள் பெயர் வைத்திருந்தார்கள் சார். தக்காளிச் சோறு மாமா. மிக்சர் தாத்தா. எல்லாருக்கும் மேலே ஐஸ்கிரீம் டாக்டர். வேதவல்லி அன்றைக்கு வடைப் பாட்டி ஆனாள். எனக்கு வந்தது கோபமா வருத்தமா என்று கேட்காதீர்கள். டாக்டரை முந்த வேண்டும் என்று தோன்றியது. அடுத்த வருஷம் ஜாங்கிரி போடுவது என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன்.

அன்றைக்கே இன்னொன்றும் நடந்தது. அந்த மோனிஷா வடையைத் தின்னாமல் பாவாடை மடிப்புக்குள் தள்ளுவதைப் பார்த்துவிட்டேன். ஃப்ரேம் போடுகிறவன் கண், ஓரத்தில் நடப்பதெல்லாம் தெரியும். பக்கத்தில் போய்க் குனிந்து, "எடுத்து வைக்கக் கூடாது பாப்பா, இங்கேயே சாப்பிடு, இன்னொண்ணு வேணும்னா தாத்தா தரேன்" என்று அதை எடுத்துத் தட்டில் வைத்தேன். இன்னொன்றும் வைத்தேன். இரண்டையும் தின்று முடிக்கிற வரை அங்கேயே நின்றேன். அது கேட்டுப் பக்கமாகப் பார்த்துக்கொண்டே தின்றது. எவ்வளவு கருணை பாருங்கள் எனக்கு. வீட்டுக்குப் போய்ப் படத்திடம் சொல்லிக்கொண்டேன், ஒரு குழந்தைக்கு இரண்டு வடை ஊட்டாத குறையாகக் கொடுத்தேன் என்று. அவள் முழித்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த மாசி அமாவாசைக்கு ஜாங்கிரியோடு வந்தேன். போட்டோ பிடிக்க ரஃபீக்கையும் கூட்டிவந்தேன். ரஃபீக் என் கடைக்கு எதிரே ஸ்டூடியோ வைத்திருக்கிற பையன். மாலை வாங்கப் போனால் பூக்காரர் யானைக்குப் போடுகிற அளவுக்குக் கட்டி வைத்திருந்தார். படத்துக்குப் போட்டால் வேதவல்லியின் மூக்கு வரை பூ. அதைப் பிரித்துச் சிறிதாகக் கட்டினேன். பிறகு கண்ணாடியில் ஜன்னல் வெளிச்சம் அடித்தது. இடது பக்கம் நகர்த்தினேன், ட்யூப்லைட் அடித்தது. வலது பக்கம் நகர்த்தினேன், என் வழுக்கை அடித்தது. சாம்பார் ஆடை கட்டிவிட்டது. பிள்ளைகள் கண்ணை மூடித் திறந்து மூடித் திறந்து அலுத்துவிட்டார்கள்.

ஒரு வழியாக எல்லாரையும் படத்தைச் சுற்றி நிறுத்தி போட்டோ எடுக்க ஆரம்பித்தான் ரஃபீக். எல்லாப் பிள்ளையும் நேராகப் பார்க்கிறது, அந்த மோனிஷா மட்டும் பார்க்கவில்லை. இடது ஓரத்தில் நின்றுகொண்டு, திறந்திருந்த வாசல் வழியாக வெளியே பார்க்கிறது. "பாப்பா, இங்க பாரு" என்றேன். பார்த்தது. ரஃபீக் அமுக்குகிற நேரம் தலை திரும்பிவிட்டது. மறுபடியும். மறுபடியும். எனக்கு வீம்பு வந்துவிட்டது சார். "ஜாங்கிரி போட்ட பாட்டி மூஞ்சிய ஒரு நிமிஷம் பார்க்கக் கூடாதா உனக்கு?" என்று அத்தனை பேர் எதிரில் கேட்டேன். பதினோரு படம் எடுத்தான். பதினோராவதில்தான் அது நேராகப் பார்த்தது. பிறகு சோறு போட்டோம். பாதிச் சாப்பாட்டில் ஒன்றரை மணி அடித்துவிட்டது. ஜாங்கிரியைக் கையில் வைத்துக்கொண்டே வகுப்புக்கு ஓடினார்கள். பிள்ளைகளுக்கு ஒழுங்கு போதாது என்று டெய்சி அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனேன்.

பதினோரு படத்தில் எட்டாவதைத் தேர்ந்தெடுத்தேன். அதில் கண்ணாடியில் துளி வெளிச்சம் இல்லை, நானும் பார்க்க நன்றாக இருந்தேன். மோனிஷா வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள், போகட்டும் என்று விட்டேன். நல்ல மவுண்ட் அட்டை வெட்டி, சட்டம் போட்டு, கடையில் மாதிரிக்காக மாட்டினேன். மவுண்ட் என்றால் படத்துக்கும் சட்டத்துக்கும் நடுவே சுற்றிலும் கரை மாதிரி வருமே, அந்த அட்டை. அது படத்தின் ஓரத்தை நாலு பக்கமும் அரை அங்குலம் மூடும். எங்கள் தொழிலில் அந்த அரை அங்குலத்தை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. ஓரத்தில் என்ன இருக்கப்போகிறது?

ஒரு மாதம் போயிருக்கும். டீக்கடை கோவிந்தன் காலி டீ கிளாஸை எடுக்க வந்தவன் படத்தைப் பார்த்துவிட்டு, "அந்தப் பொண்ணு எங்கண்ணா பார்க்குது?" என்றான். சாப்பாட்டு வாசனைக்குத் திரும்பியிருக்கும் என்றேன். "சோத்துப் பானைதான் இந்தப் பக்கம் இருக்குதே. அது அந்தப் பக்கம் இல்ல பார்க்குது. உன் சமையலுக்குப் பயந்து ஓடப் பார்க்குது போல" என்றான். விவரமாகக் காட்டி அவன் வாயை அடைக்கலாம் என்று படத்தைக் கழற்றினேன். நாற்பது வருஷத்தில் என் கையில் கண்ணாடி உடைந்தது அன்றைக்குத்தான்.

கண்ணாடித் துண்டுகளை எடுத்துவிட்டு மவுண்ட் அட்டையைத் தூக்கினேன். இடது ஓரத்தில், அட்டைக்கு அடியில் இருந்த அரை அங்குலத்தில், வாசல் தெரிந்தது. வாசலுக்கு அப்பால் இந்தக் கேட். கேட்டுக் கம்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு ஒரு பெண் நின்றிருந்தாள். இன்னொரு கையில் நைலான் பை.

மோனிஷா பார்த்துக்கொண்டிருந்தது அங்கேதான்.

ரஃபீக்கின் கம்ப்யூட்டரில் பதினோரு படத்தையும் வரிசையாகப் போடச் சொன்னேன். முதல் படத்தில் அந்தப் பெண் கேட்டுக்கு வெளியே நிற்கிறாள். இரண்டாவதில் நிற்கிறாள். ஐந்தாவதில் எட்டிப் பார்க்கிறாள். ஒன்பதாவதில் பையைக் கை மாற்றியிருக்கிறாள். பத்தாவதில் பாதி திரும்பிவிட்டாள். பதினோராவதில் கேட் மட்டும் இருக்கிறது. அதில்தான் மோனிஷா நேராகப் பார்க்கிறாள். அந்தப் படத்தை ஏன் நான் ஒதுக்கினேன் தெரியுமா சார்? அதில் நான் கண்ணை மூடியிருந்தேன்.

நேரே இங்கே வந்தேன். டெய்சி அம்மா எதையும் மறைக்கவில்லை. அவள் மோனிஷாவின் அம்மா, பெயர் பச்சையம்மாள், சேத்துப்பட்டு ரோட்டில் செங்கல் சூளையில் கல் அறுக்கிறாள். சூளைக்கு அமாவாசை ஒருநாள்தான் லீவு. சாயந்திரம் மண் குழைத்துப் போட்டால்தான் மறுநாள் விடியற்காலையில் கல் அறுக்க முடியும். அதனால் ஒன்றே முக்கால் பஸ்ஸை விட்டால் அவளுக்கு ஆகாது. பிள்ளையைப் பார்க்க மாதத்தில் கிடைப்பது இந்த மதிய மணி நேரம் ஒன்றுதான்.

"அப்போ ஏம்மா வெளியே நிறுத்தினீங்க?" என்று கேட்டேன்.

"நீங்கதானே கேட்டீங்க, அம்மா இருந்தா புண்ணியம் சேருமான்னு," என்றார்கள். "சாப்பாடு போட வர்ற எல்லாரும் கேக்கறாங்க. உள்ளே ஒரு அம்மாவைப் பார்த்துட்டா அடுத்த வருஷம் வர்றதில்லை. எனக்கு நாப்பது பிள்ளைங்க. நான் என்ன செய்ய?"

நாற்பதில் முப்பத்திரண்டு பேருக்கு அம்மாவோ அப்பாவோ இருக்கிறார்கள் சார். வறுமைதான் அவர்களை இங்கே கொண்டுவந்து விட்டிருக்கிறது, சாவு இல்லை. தை அமாவாசைக்கு மூன்று வீட்டுப் பாயசம் வந்து வாளியில் மிஞ்சும். ஆனி மாதம் யாரும் சாவதில்லை போலிருக்கிறது, வெறும் ரசம். ஆனியில் ஒருத்தராவது சாகணும் என்று ஒரு சின்னப் பெண் சாமி கும்பிட்டதாக டெய்சி அம்மா சொன்னார்கள். யார் என்று நான் கேட்கவில்லை.

அடுத்த அமாவாசைக்குச் சூளைக்கே போனேன். என்ன பேசுவது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன். பச்சையம்மாள் பையோடு கிளம்பிக்கொண்டிருந்தாள். நான் யார் என்று சொன்னதும் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். இன்னும் சுடாத பச்சைக் கல் நாலை அடுக்கி, மேலே சாக்கு போட்டு உட்காரச் சொன்னாள். "வடைப் பாட்டி வூட்டுக்காரரா? எம்பொண்ணு சொல்லிச்சு. ரெண்டு வடை துன்னேம்மா, உனக்கு ஒண்ணு வச்சேன், அந்தத் தாத்தா வுடலன்னு" என்று சிரித்தாள். அவள் சிரித்துத்தான் சொன்னாள். எனக்குத்தான் அந்த வடை இன்னும் தொண்டையில் நிற்கிறது.

அங்கே பத்தொன்பது பிள்ளைகள் இருந்தார்கள். காய்கிற கல்லைத் திருப்பிப் போடுவது அவர்கள் வேலை, அதற்கு லீவு கிடையாது. வெயிலில் குந்தி உட்கார்ந்து நகர்ந்து நகர்ந்து திருப்புகிறார்கள். பன்னிரண்டு வயதுப் பெண் ஒருத்திக்குத் தன் பெயர் எழுதத் தெரியவில்லை, ஆனால் ஒரு வரிசையில் எத்தனை கல் என்று பார்த்ததும் சொல்கிறாள்.

உனக்கு என்ன வேணும் என்று பச்சையம்மாளைக் கேட்டேன். கேட்கும்போதே மனசுக்குள் பட்டியல் போட்டுவிட்டேன். அரிசி, போர்வை, தீபாவளித் துணி.

"பள்ளிக்கூடம் ஆறு கிலோமீட்டர். பஸ்ஸு கெடையாது. கூட்டிம்போக ஆளு இல்ல. அதுக்குத்தான் அங்க வுட்டேன். சோத்துக்கு இல்ல சாமி. இங்கயும் கஞ்சி இருக்குது," என்றாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டே, "ராத்திரி எம்பக்கத்துல படுத்துக்கினா போதும் எனக்கு," என்றாள்.

ஒரு ஷேர் ஆட்டோ, சார். அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. நான் பர்மா தேக்கு வாங்கியிருந்தேன்.

பஜாரில் என் பேச்சுக்கு மரியாதை உண்டு என்று நினைத்திருந்தேன். ஆட்டோ வாடகைக்குப் பணம் கேட்டுப் பத்துக் கடை ஏறி இறங்கிய பிறகு அது தெளிந்தது. கோவிந்தன்தான் முதலில் சேர்ந்தான், பிறகு அவன் கேலிக்குப் பயந்து மற்றவர்கள் சேர்ந்தார்கள். முனிரத்தினம் என்று ஒரு ஆட்டோக்காரர் ஒத்துக்கொண்டார். அரசுப் பள்ளித் தலைமை ஆசிரியை சூளைக்கே நோட்டோடு வந்து பத்தொன்பது பேரையும் சேர்த்துக்கொண்டார். அங்கே காலையிலும் சாப்பாடு உண்டு, மதியமும் உண்டு. யாரும் சாக வேண்டியதில்லை. பள்ளி திறந்த ஜூன் மாதம் மோனிஷா இங்கிருந்து அவள் அம்மாவிடம் போய்விட்டாள். இப்போது ஏழாம் வகுப்பு. என்னைப் பார்த்தால் பேசுவதில்லை, வெட்கப்பட்டு ஓடிவிடும். வெட்கம் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

ஆட்டோவின் முதுகில் "வேதவல்லி நினைவாக" என்று எழுத ஆசைப்பட்டேன். முனிரத்தினம், "அண்ணே, அப்படி எழுதினா பசங்க இதுக்குச் செத்தவங்க வண்டின்னு பேர் வைக்கும். மத்தப் பசங்க முன்னாடி அதுல எறங்கவே கூச்சப்படுங்க" என்றார். நியாயம்தான். சீட்டைத் தூக்கினால் உள்ளே டூல்ஸ் வைக்கிற இடத்தில், யாருக்கும் தெரியாமல் சின்னதாக எழுதிக்கொண்டேன். இதை நான் யாரிடமும் சொல்வதில்லை. உங்களிடம் சொல்கிறேன். போன அமாவாசைக்கு வந்தவரிடமும் சொன்னேன்.

டெய்சி அம்மாவிடமும் ஒரு வேலை கேட்டு வாங்கிக்கொண்டேன். அமாவாசையன்று நன்கொடையாளர் வந்தாலும் வராவிட்டாலும் அம்மாக்களை உடனே உள்ளே விடுவது, பிள்ளை பக்கத்தில் உட்கார வைத்து அவர்களுக்கும் ஒரு தட்டுப் போடுவது. மூன்று வருஷமாக ஒரு அம்மாவைக்கூட இந்தக் கேட்டில் நான் நிற்க விட்டதில்லை.

ஆகவே சார், உங்கள் அப்பாவுக்கு நீங்கள் கேட்ட தை அமாவாசைத் தேதியில் ஏற்கெனவே இரண்டு வீட்டுக்காரர்கள் இருப்பார்கள். ஆனியில் ஒருநாள் போடுங்கள். படத்தைக் கொண்டுவந்தால் காரிலேயே இருக்கட்டும், அப்பா கோபித்துக்கொள்ள மாட்டார். சாப்பாடு வேண்டாம் என்றால் கண்ணமங்கலம் பக்கம் இன்னொரு சூளை இருக்கிறது, இருபத்தைந்து பிள்ளைகள், அங்கே இன்னும் ஆட்டோ இல்லை.

என்ன சார், கொஞ்ச நேரமாக என் தோளுக்கு மேலேயே பார்க்கிறீர்கள்? நான் பேசினால் யாரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை. அந்த மோனிஷாவும் இப்படித்தான்...

அடடா. கேட்டுல எவ்வளவு நேரமாம்மா நிக்கிறே?

மணி அடிச்சதுலருந்தா? மணி எப்போ அடிச்சாங்க? கூப்பிட்டிருக்கலாமேம்மா.

என்ன சொல்கிறாள் கேட்டீர்களா சார்? வூட்டம்மா கதைய சொல்லிக்கினு இருந்தீங்க, நடுவுல எப்படிக் கூப்புடறதுன்னு நின்னேன் என்கிறாள்.

சார், எழுந்திருங்கள். இந்தக் கேட் வெளிப்பக்கம்தான் திறக்கும், உங்கள் கார் முட்டிக்கொண்டு நிற்கிறது. சாவியை நான் போடுகிறேன், நீங்கள் டிரைவரைக் கூப்பிட்டு வண்டியைக் கொஞ்சம் பின்னால் எடுக்கச் சொல்லுங்கள். முழுசாக வேண்டாம், அரை அடி போதும். ஒல்லி உடம்புதான், நுழைந்துவிடும்.